துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

1

துப்பாக்கிக்குப் பொட்டு எங்கே வைப்பது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. நேற்று இர்விங்கில் எங்கள் வீட்டு ஆயுத பூஜை. கார் இரண்டு, மிக்ஸி, அரிவாள்மணை, என் வீட்டுக்காரர் செந்திலின் லேப்டாப், என்னுடைய ஸ்பானர் செட் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன வருடத்துப் பூஜை ஞாபகத்துக்கு வந்தது. ஊரில் வாட்ஸ்அப் குழுவில் "சாந்தி மக எருமையச் சுட்டுட்டாளாமா?" என்று அரையும் குறையுமாகச் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. முழுக்கதையையும் நானே எழுதிவிடுவது நல்லது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான்தான் அந்தச் சாந்தி, பிறந்தது கோயமுத்தூர் பீளமேடு. அப்பா பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். டெக்சாஸ் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இங்கே ஒரு சிப் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். ஒரு மானி உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று கண்டுபிடித்து, சீல் வைத்து, கையெழுத்துப் போடுவேன். இந்த வேலை பார்க்கிறவளை அம்மாவாகப் பெற்ற பிள்ளைகள் பாவம்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை, கயல். இருபத்து நாலு வயது.

கயல் புல்வெளிகளைப் பற்றிப் படித்தவள். ஆமாம், வெறும் புல்தான். அதற்கும் இங்கே பட்டம் உண்டு. பக்கத்து ஊரான டென்டனில் ஒரு தோழியுடன் அப்பார்ட்மெண்ட் எடுத்துத் தங்கியிருந்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எங்களிடம் ஒரு சாவி கொடுத்திருந்தாள். ஒருநாள் அவள் ஊரில் இல்லாதபோது நான் அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து, சமையலறையை ஒழுங்குபண்ணி, பழைய பாத்திரங்களைக் கழித்து, மேஜைமேல் கிடந்த கடிதங்களைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கிவிட்டு வந்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். அடுத்த நாளே வந்து வாசலில் நின்றபடி சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். காபிகூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதும் "ஓகே", "பிஸி மா", ஒரு கட்டைவிரல் படம், அவ்வளவுதான்.

2

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஃபோன் பண்ணினாள்.

"அம்மா, கேன் ஐ கீப் சம்திங் அட் யுவர் பிளேஸ்?"

"என்ன கண்ணு, சோஃபாவா?"

"எ ரைஃபிள்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த செந்தில் எழுந்தே விட்டார். "துப்பாக்கியா? நம்ம வூட்டுலயா? ஏஞ் சாமி, உனக்கென்ன பைத்தியமா?"

விஷயம் இதுதான். இர்விங்கிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் ஒரு பெரிய ரான்ச், அதாவது மேய்ச்சல் பண்ணை, வருகிறது. கயல் அங்கே மாதம் இரண்டு முறை போய்ப் புல் அளந்துகொண்டிருந்தாள். அந்தப் புல்லை மேய்வதற்கு அவர்கள் பஃபலோ வளர்க்கிறார்கள். நம் ஊர் எருமை என்று நினைத்துவிடாதீர்கள். குன்னூர்ப் பக்கம் தேயிலைக்குள் வந்து நிற்குமே காட்டெருமை, அதற்கு முன்பாதியில் மட்டும் கம்பளி போர்த்திவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அதில் வயதான பசு ஒன்று. பல் தேய்ந்துவிட்டது, மேய முடியவில்லை. விட்டுவைத்தால் குளிர்காலத்தில் பட்டினி கிடந்து சாகும். அக்டோபரில் சுட்டுக் கறியாக்கிவிடுவது என்று ரான்ச்சைப் பார்த்துக்கொள்ளும் டேல் முடிவு செய்திருந்தார். அதைத் தானே செய்வதாகக் கயல் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"யாரோ ஒருத்தர் பண்ணத்தான் போறாங்க மா. ரெண்டு வருஷமா எனக்கு அவளைத் தெரியும். தெரிஞ்சவங்க பண்ணட்டும். பட் இட் ஹாஸ் டு பி ஒன் ஷாட். அடிபட்டு ஓடக் கூடாது. ஷி ஷுட்ன்ட் சஃபர்."

கூடத் தங்கியிருக்கும் தோழி வீட்டுக்குள் துப்பாக்கி வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் நம் வீட்டில் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும், அக்டோபர் வரை சனிக்கிழமை தவறாமல் வந்து எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போவாள்.

செந்திலின் காதில் துப்பாக்கி என்ற சொல் விழுந்தது. என் காதில் விழுந்தது சனிக்கிழமை மட்டும்தான்.

"கொண்டாந்து வை கண்ணு" என்றேன்.

3

துப்பாக்கி வாங்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். "ஜஸ்ட் டு லுக்" என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டாள். நான் சும்மா போவேனா? பதினாலு ரகத் துப்பாக்கிகளை ஒப்பிட்டு ஒரு எக்செல் ஷீட் தயார் பண்ணிக்கொண்டு போனேன். என் கணக்கு எளிமையானது: மிருகம் பெரிசு, அதனால் குண்டும் பெரிசாக இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் யானைக்கே எடுத்துப் போவதாகச் சொல்லும் ஒரு ரகத்துக்கு முதல் மதிப்பெண் போட்டிருந்தேன்.

கடையில் இருந்த வெள்ளைத் தாடிக்காரர் ஷீட்டை மரியாதையாக வாங்கிப் படித்தார். பிறகு கயலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவள் என் உயரம்தான், ஐந்தடி இரண்டங்குலம். கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பார்க்கும் இடம் இருந்தது. நான் முதல் மதிப்பெண் போட்ட துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார். முதல் குண்டுக்கே தோள் பின்னால் போய் அவள் பெஞ்சிலிருந்து நழுவினாள். இரண்டாவது முறை, குண்டு போடாமலேயே விசையை அழுத்தச் சொன்னார். வெடிக்காத துப்பாக்கிக்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு உதறினாள்.

"பயந்துகொண்டு சுடுகிற பெரிய குண்டைவிட, பயமில்லாமல் சரியான இடத்தில் வைக்கிற நடுத்தரக் குண்டு போதும் மேடம்" என்றார் தாடிக்காரர். கடைசியில் முப்பது-ஆட்-சிக்ஸ் என்று இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரண ரகம்தான் எடுத்தோம். என் ஷீட்டில் அதற்குப் பதினோராவது இடம். தோளில் அண்டக் கொடுக்கும் மரக்கட்டை அவள் கைக்கு நீளமாக இருந்ததால் ஒரு அங்குலம் அறுத்து, பின்னால் ரப்பர் மெத்தை வைத்துத் தரச் சொன்னோம். குண்டு ஈயமில்லாத செம்புக் குண்டாக இருக்க வேண்டும் என்பது ரான்ச்சின் விதி. மிச்சம் மீதியைக் கழுகு தின்றால் ஈயம் அதற்கு விஷமாம்.

அடுத்தது படிவம். தாடிக்காரர் கவுண்டரில் ஒரு நீளமான படிவத்தை வைத்தார். பள்ளிக்கூட அட்மிஷனிலிருந்து காலேஜ் லோன் வரை கயலின் எல்லாப் படிவத்தையும் நிரப்பியது நான்தான். கை தானாகப் போய் பேனாவை எடுத்துவிட்டது. இரண்டு கட்டம் எழுதியும் விட்டேன்.

"மேடம், பேனாவைக் கீழே வைங்க" என்றார் அவர். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "வாங்குகிறவர்தான் நிரப்ப வேண்டும், அது சட்டம். யாருக்காக யார் வாங்குகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தால் இன்றைக்கு வியாபாரம் கிடையாது."

கயல் என்னைப் பார்க்கவே இல்லை. புதுப் படிவம் வாங்கித் தானே நிரப்பினாள். அதுவும் உடனே தேறவில்லை. அப்பா பெயர் கடைசிப் பெயராகி, கயல்விழி செந்தில்குமார் என்பது லைசென்ஸில் இடம் போதாமல் வால் அறுந்து நின்றது. வாங்குகிறவர்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று சரிபார்க்கும் அலுவலகத்திலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் சம்மதம் வந்தது. படிவம் கொடுத்த அன்று திரும்பி வரும்போது காரில், "ஐ கேன் ஃபில் எ ஃபார்ம், அம்மா" என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

4

ஆனால் குறி பார்க்கும் தொலைநோக்கியைத் துப்பாக்கிமேல் பொருத்தும் வேலையை அவளாகவே என்னிடம் கொடுத்தாள். "திஸ் இஸ் யுவர் டிபார்ட்மெண்ட்" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளாக எனக்குக் கொடுத்த முதல் வேலை.

கராஜில் மேஜை போட்டு, நீர்மட்டம் பார்த்து, எத்தனை இறுக்கம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்சால் ஒவ்வொரு திருகையும் அளந்து முடுக்கினேன். அதிரும்போது திருகு நகர்ந்தால் தெரிய வேண்டும். தொழிற்சாலையில் அதற்குத் திருகையும் சட்டத்தையும் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். கோடு உடைந்திருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது அந்தக் கருவி எதைக் காட்டினாலும் நம்பக் கூடாது, மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். வீட்டில் பெயிண்ட் இல்லை. என் நெயில் பாலிஷை எடுத்து ஆறு திருகுக்கும் மெரூன் கலரில் கோடு போட்டேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். "தட்ஸ் ஸோ கூல்" என்றாள்.

சனிக்கிழமைகள் அப்படித்தான் ஆரம்பித்தன. காலையில் வருவாள், இட்லி சாப்பிடுவாள், இரண்டு பேரும் பயிற்சிக் களத்துக்குப் போவோம். அவள் சுடுவாள், நான் குண்டு விழுந்த இடத்தை நோட்டில் குறிப்பேன். ஜூன் மாதத்தில் நூறு கஜத்தில் மூன்று குண்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. ஆகஸ்டில் எலுமிச்சம்பழ அளவுக்குள் வந்தன. எங்கே சுட வேண்டும் என்று டேல் ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்த மிருகத்துக்குத் திமிலும் முடியும் மேலே தூக்கி நிற்பதால் நம் கண் ஏமாந்து உயரத்தில் குறி வைத்துவிடுமாம். இதயம் கீழே, முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. நாலைந்து அங்குலம் தவறினால் விழாது. ரத்தத்தோடு ஓடிப்போய் எங்கோ நின்று வலியோடு சாகும். கயல் அந்தப் படத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியே வைத்துவிட்டாள். செந்தில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பார்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அவள் வைத்த குண்டு எல்லாம் சொன்ன இடத்தில் விழுந்தன. துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். "தட்ஸ் இட். இனிமே ரான்ச் போற வரைக்கும் நோபடி டச்சஸ் இட், ஓகே?"

"சரி கண்ணு."

5

அந்த வாரம் நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை என்றால் முதல் நாளே லேத், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்பப் பூட்டிய பிறகுதான் பொட்டு. பிரித்துத் துடைக்காத மிஷினுக்குப் பொட்டு வைப்பது குளிக்காதவனுக்குத் திருநீறு பூசுவது மாதிரி என்று அப்பா திட்டுவார். இங்கே எங்கள் கூடத்தில் மணைமேல் ஸ்பானர் இருக்கிறது, கத்தி இருக்கிறது, மிக்ஸிகூட இருக்கிறது. இந்த முறை வீட்டில் நிஜமாகவே ஓர் ஆயுதம் இருக்கிறது, அதுவும் என் மகளுடையது, அதை மட்டும் பூட்டி வைத்துவிட்டு என்ன பூஜை என்று எனக்குத் தோன்றியது. நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலும் இருந்தது.

பெட்டகத்தைத் திறந்தேன். குண்டில்லை என்று இரண்டு முறை பார்த்தேன். தொலைநோக்கிக்கு அடியில் களத்துப் புழுதி படிந்திருந்தது. பழக்க தோஷம், கை நிற்கவில்லை. ஆறு திருகையும் கழற்றி, தொலைநோக்கியை எடுத்து, சுத்தமாகத் துடைத்து, அதே ரெஞ்சில் அதே அளவுக்கு முடுக்கினேன். கட்டையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். தீபாராதனை காட்டினேன். செந்தில்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பப் பெட்டகத்தில் வைக்கும்போதுதான் பார்த்தேன், மெரூன் கோடுகள் ஆறும் உடைந்திருந்தன.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பொட்டைத் துடைத்தேன். உடைந்த கோடுகளை ரிமூவர் போட்டு அழித்தேன். அதே நெயில் பாலிஷால், அதே இடத்தில், புதுக்கோடு போட்டேன். வேலையில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நானே புகார் எழுதி வேலையைவிட்டு அனுப்பியிருப்பேன். அதே இறுக்கம்தானே, ஒன்றும் நகர்ந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம் துப்பாக்கியைப் பற்றியே இல்லை. சொன்னால் அவள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், சனிக்கிழமையும் கூடவே போய்விடும்.

6

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேரும் கிளம்பினோம். மூன்று மணி நேரம் அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பசு எந்த ஓடைப் பக்கம் படுக்கும், எந்தக் கன்றுகள் அதனுடையவை, அதன் இடது கொம்பு எப்படி நுனி உடைந்தது, எல்லாம். அவள் இவ்வளவு பேசி எத்தனை வருடம் ஆயிற்று! நான் ஊம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

ரான்ச்சில் டேல் எங்களை ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய்க் கைகாட்டினார். தூரத்தில் மந்தை தெரிந்தது. அதிலிருந்து தள்ளி, தனியாக, நுனி உடைந்த கொம்போடு அது நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. தலையைத் தூக்கி எங்கள் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது.

"நாளைக்கு நேரா போயிடலாம்ல?" என்று டேலிடம் ஆங்கிலத்தில் கேட்டாள் கயல். "ரைஃபிள் சரியா இருக்கு. அம்மா சீல் வெச்சிருக்காங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"கயல், சீல் உடைஞ்சிருச்சு."

"வாட்?"

"பூஜைக்கு எடுத்தேன் கண்ணு. பிரிச்சுத் துடைச்சுட்டேன். நீ பாக்கற கோடு புதுசாப் போட்டது. உனக்குத் தெரியக் கூடாதுன்னு போட்டேன்."

அவள் முகம் முதலில் புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது. டேல் நல்ல மனுஷர், வண்டியில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

"யூ ஓபன்ட் இட். அப்புறம் கோடு வேற போட்டியா?" துப்பாக்கி இருந்த வண்டிப் பக்கம் கைகாட்டினாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நான் அவளை..." மந்தையைப் பார்த்தபடி நின்றாள்.

"தப்புதான். வெறும் தப்பில்ல, பொய்யி. மன்னிச்சுரு" என்றேன். மகளிடம் இந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அம்மாக்கள் சாப்பிட வா என்று கூப்பிடுவார்கள், மன்னிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

அவள் டேலிடம் பேப்பர் தட்டு கேட்டாள். மந்தை இருந்ததற்கு எதிர்ப்பக்கம், ஒரு மண் கரையில், நூறு கஜத்தில் தட்டை நட்டார்கள். முதல் குண்டு தட்டிலேயே படவில்லை. இரண்டாவது மேல் விளிம்பைக் கிழித்தது. நாலு அங்குலம் மேலே, இரண்டு அங்குலம் இடப்பக்கம். நான் நோட்டை எடுக்கவில்லை. என் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெளிச்சம் குறைவதற்குள் ஒன்பது குண்டு செலவழித்துக் குறியை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தாள். கடைசி மூன்றும் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன. பிறகு வண்டியிலிருந்து காகித டேப்பும் பேனாவும் எடுத்து வந்து, துப்பாக்கிக் கட்டையில் ஒரு துண்டு ஒட்டி எழுதினாள்: "செய்தது, கயல்." பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டு கையெழுத்து வேணும்னு நீதானே சொல்வ? செக்ட் பை போடு. ஐ'ல் வாட்ச்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க, கீழே கையெழுத்துப் போட்டேன்.

7

காலையில் லேசான குளிர் இருந்தது. நான் வண்டியிலேயே இருந்துகொண்டேன். கயலும் டேலும் புல்லுக்குள் குனிந்து போய், எழுபது கஜத்தில் துப்பாக்கியைத் தாங்கும் முக்காலிக் கோலை ஊன்றினார்கள். அந்தப் பசு பக்கவாட்டில் திரும்பக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரே ஒரு சத்தம். அது நாலு எட்டு வைத்தது, முன்னங்கால் மடங்கிற்று, அப்படியே படுத்துவிட்டது. நான் பைனாகுலரில் கயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

நான் கிட்டே போனபோது கயல் அதன் கழுத்துக் கம்பளியில் கையை வைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பாவமா புண்ணியமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. அது வலிக்காமல் போயிற்று, அது மட்டும் தெரியும். கறியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கினோம். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு நானே வறுத்தேன். கயல் ஒவ்வொரு துண்டையும் மெதுவாகச் சாப்பிட்டாள். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். செந்தில் தொடவில்லை, தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே "உப்பு சரியா இருக்கா கண்ணு?" என்று அவளைக் கேட்டார்.

அடுத்த மாதம் அந்தத் தோழி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட, கயல் சொந்தமாகப் பெட்டகம் வாங்கித் துப்பாக்கியை டென்டனுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் மாவுகூட அரைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காலிங் பெல் அடித்தது. வெறுங்கையோடு நின்றாள். "இட்லி இல்லையா?" என்றாள். ஏமாற்றமாகத்தான் கேட்டாள். அவசரமாக ரவை உப்புமா கிண்டினேன்.

8

நேற்று ஆபீஸ் முடிந்து நேராக வந்தாள், கையில் துப்பாக்கிப் பெட்டியோடு. "பூஜைக்கு" என்றாள். அவளே வெளிப்புறம் மட்டும் துணியால் துடைத்தாள். திருகில் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கட்டையில் பழைய டேப் அப்படியே இருந்தது, எங்கள் இரண்டு பேர் பெயரோடு. சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். டேப்புக்குப் பக்கத்தில் அவளே பொட்டு வைத்தாள். தீபாராதனை முடிந்ததும் எங்கள் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு மணையை நெருங்கிப் பார்த்தேன். ஸ்பானருக்கும் கத்திக்கும் நடுவில், நான் வைக்காத ஒரு பொருள் இருந்தது. டென்டன் வீட்டுச் சாவி. அதற்கும் ஒரு பொட்டு.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. அது நம் வழக்கம். நேற்று ராத்திரி முழுக்க அந்தச் சாவி அங்கேயே இருந்தது, நான் தொடவில்லை. இன்று விஜயதசமி. காலையில் குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டினேன். அப்போதும் உடனே எடுக்கவில்லை. முதலில் அவளுக்கு டெக்ஸ்ட் பண்ணினேன்: "எடுத்துக்கட்டுமா கண்ணு?"

பதில் உடனே வந்தது, தமிழில், அவளுக்குத் தெரிந்த தமிழில்: "எடுதுகோ மா. பட் வரதுக்கு முன்னாடி கேளு."

கேட்கிறேன் என்று எழுதிவிட்டுச் சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.